முதலில் மாவு மில், அப்புறம் கேனர்: கொலராடோ சமையலறைக்கு எதை வாங்குவது?

கேட்ட கேள்வி இது. கோயம்புத்தூரிலிருந்து போன வருடம் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்குக் குடிவந்த குடும்பம். இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு, கண்ணாடி மேல்தளம் வைத்த மின் அடுப்பு. கடையில் வாங்கும் ஆட்டாவில் பழைய வாடை அடிக்கிறது, அதனால் கோதுமை, ராகி, புட்டு மாவு எல்லாம் வீட்டிலேயே அரைக்க ஆசை. பின்கட்டில் பீன்ஸும் தக்காளியும் போட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அமெரிக்கப் பாட்டி, பிரஷர் கேனர் (உணவு நிரப்பி மூடிய கண்ணாடி ஜாடிகளை ஆவி அழுத்தத்தில் சூடாக்கி, வெளியே வைத்தாலும் கெடாமல் இருக்கச் செய்யும் பெரிய பாத்திரம்) வாங்கி ஜாடியில் அடைத்துக்கொள் என்கிறார். மாமியாரோ, மாவு மில்லை ஊரிலிருந்து நானே கொண்டுவருகிறேன், ஜாடிக்கு நம் பத்து லிட்டர் குக்கரே போதுமே என்கிறார். இப்போதைக்கு ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது. எதை வாங்குவது, எந்த வகையை வாங்குவது?

என் பதில்: இப்போது மாவு மில். தினமும் கை படப்போவது அதுதான். கேனரை அடுத்த வருடம் பீன்ஸ் காய்க்கும் நேரத்துக்கு முன்னால் வாங்கலாம். ஆனால் குக்கரில் ஜாடி அடைக்கும் யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் அதை முதலில் எழுதுகிறேன்.

மண்ணில் சாதாரணமாக இருக்கும் ஒரு கிருமி கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம். காய்கறியோடு அதன் வித்துகளும் வீட்டுக்கு வரும். காற்றுப்படும் இடத்தில் அவை நம்மை ஒன்றும் செய்வதில்லை. காற்று புகாத ஜாடிக்குள், புளிப்பு குறைவான உணவில், அறைச் சூட்டில் வைத்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சு அது. கொதிக்கும் தண்ணீர் அந்த வித்துகளைக் கொல்லாது. ஏறக்குறைய 116 டிகிரி செல்சியஸ் சூடு ஜாடியின் நடுப்பகுதி வரை போய்ச் சேர்ந்து, குறித்த நேரம் அங்கே நிற்க வேண்டும். அழுத்தம் இல்லாமல் அந்தச் சூடு வராது. அமெரிக்க வேளாண் துறை 1917-லேயே, புளிப்பில்லாத உணவை வீட்டில் அடைக்க அழுத்த முறை ஒன்றுதான் பாதுகாப்பானது என்று சொல்லிவிட்டது.

‘நம் குக்கரும் அழுத்தம்தானே?’ இது நியாயமான கேள்வி. வெயிட் தூக்கும்போது நம் குக்கருக்குள்ளும் ஏறக்குறைய 15 பவுண்டு அழுத்தம் இருக்கிறது. சிக்கல் நேரக் கணக்கில் இருக்கிறது. ஒவ்வொரு உணவுக்கும் எத்தனை நிமிடம் என்று ஆய்வகத்தில் அளந்தபோது, பெரிய கேனர் மெதுவாகச் சூடேறும் நேரத்திலும், அடுப்பை அணைத்தபின் மெதுவாக ஆறும் நேரத்திலும் ஜாடிக்குள் நடக்கும் அழிவையும் சேர்த்தே கணக்கிட்டிருக்கிறார்கள். சின்னக் குக்கர் சீக்கிரம் சூடேறி, சீக்கிரம் ஆறிவிடும். அட்டவணையில் உள்ள நிமிடங்களை அப்படியே வைத்தாலும் ஜாடிக்குக் கிடைக்கும் சூடு குறைந்துபோகும். அதனால்தான் குறைந்தது நான்கு குவார்ட் ஜாடிகளை நிமிர்த்தி வைக்க இடமுள்ள பாத்திரத்தை மட்டுமே கேனர் என்று ஏற்கிறார்கள். ஒரு குவார்ட் ஜாடி கிட்டத்தட்ட 950 மில்லி, பைண்ட் ஜாடி அதில் பாதி. மின்சார மல்டி குக்கரும் இந்த வேலைக்கு ஆகாது.

இன்னொன்று, நம் கைப்பழக்கம். நாம் விசில் எண்ணியே சமைத்துப் பழகியவர்கள். மூன்று விசில் வந்ததும் அணைத்து, அவசரமென்றால் குழாயடியில் காட்டி, கரண்டியால் வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றிவிடுவோம். கேனரில் இதில் ஒன்றையும் செய்யக்கூடாது. ஆறும் நேரமும் சமையல் நேரம்தான். தண்ணீர் ஊற்றி ஆறவைத்தால் வித்து பிழைத்துக்கொள்ளும், ஜாடிக்குள் இருக்கும் சாறும் பொங்கி வெளியே வழியும், சில சமயம் கண்ணாடியே விரிசல் விடும். அழுத்தம் தானாகவே பூஜ்யத்துக்கு இறங்கும்வரை கேனர் பக்கமே போகாதீர்கள்.

இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2015 ஏப்ரலில் ஓஹையோ மாநிலத்தின் லங்காஸ்டரில் ஒரு தேவாலய விருந்து நடந்தது. வீட்டில் அடைத்த உருளைக்கிழங்கை வைத்து ஒருவர் சாலட் செய்து கொண்டுவந்தார். அந்த ஜாடிகளை அழுத்தத்தில் வைக்காமல் கொதிநீரில் மட்டும் வைத்து எடுத்திருந்தார்கள். 29 பேருக்கு நோய் வந்தது, ஒருவர் இறந்தார். வெந்த உருளைக்கிழங்கு நாம் வாரத்தில் மூன்று நாள் தொடும் பொருள். அந்த நஞ்சு இருக்கும் ஜாடி பார்வைக்கும் மூக்குக்கும் நன்றாகவே தெரியலாம், மூடி உப்பாமலும் இருக்கலாம்.

சரி, இப்போது மாவு மில்லுக்கு வருகிறேன்.

மாமியார் கொண்டுவர நினைப்பது ஊரில் வீட்டுக்கு வாங்கும் ஒரு குதிரைத்திறன் மில் என்று வைத்துக்கொள்கிறேன். நல்ல இயந்திரம்தான், ஜாலியை (உள்ளே உள்ள துளைத் தகட்டை) மாற்றி மாற்றி ரவையும் அரைக்கலாம், நைஸ் மாவும் அரைக்கலாம். ஆனால் அது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்தது. இங்கே சுவர் பிளக்கில் வருவது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும் மின்சாரத்தைத் தாங்க, பெரிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்க வேண்டும். அதை வாங்கினாலும் வோல்ட்தான் மாறும், ஹெர்ட்ஸ் மாறாது. இண்டக்ஷன் மோட்டார் இங்கே சுமார் இருபது சதவீதம் கூடுதல் வேகத்தில் சுற்றும். அந்த வேகத்துக்கு அந்த இயந்திரத்தைச் செய்யவில்லை. கனமும் சாமானியமில்லை. பாசத்தோடு சொல்கிறார், ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இங்கே கிடைப்பவற்றில் மூன்று வகை உண்டு: கல் மில், அடித்து நொறுக்கும் மில், கையால் சுற்றும் மில்.

அடித்து நொறுக்கும் வகைக்கு நியூட்ரிமில் கிளாசிக், வொண்டர்மில் இரண்டும் தெரிந்த பெயர்கள். இவற்றுக்குள் கல் கிடையாது. எஃகுப் பற்கள் பயங்கர வேகத்தில் சுற்றி, தானியத்தை அடித்தே தூளாக்கும். வேகமாக அரைக்கும், மாவு நைஸாக வரும். ராகி மாதிரிச் சின்ன தானியத்தை அருமையாக அரைக்கும். ஆனால் அடுக்குமாடியில் இருந்தால் கீழ்வீட்டார் கதவைத் தட்டும் அளவுக்குச் சத்தம். இந்த வகையில் பெரும்பாலும் மோட்டாரை ஓடவிட்டு, அப்புறம்தான் தானியத்தைக் கொட்ட வேண்டும். எனக்கு உள்ள பெரிய குறை வேறு: இதில் ரவை வராது. எவ்வளவு பெரிதாக வைத்தாலும் வருவது மாவுதான்.

நம் சமையலறையில் பாதி வேலை ரவையும் குருணையும்தானே? கோதுமை ரவை உப்புமா, அரிசி உப்புமாவுக்கு உடைத்த அரிசி, புட்டுக்குக் கொரகொரப்பான மாவு, கஞ்சிக்கு ஒன்றிரண்டாக உடைத்த கம்பு. இதையெல்லாம் செய்வது கல் மில். மேல்கல்லுக்கும் கீழ்கல்லுக்கும் இடையிலுள்ள இடைவெளியைத் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். நம் பாட்டி வீட்டுத் திருகைதான், மோட்டார் வைத்து மேசைமேல் உட்கார்ந்திருக்கிறது. மாக்மில், கோமோ, நியூட்ரிமில் ஹார்வெஸ்ட் எல்லாம் இந்த ரகம். முதல் இரண்டுக்கும் பின்னால் வோல்ஃப்காங் மாக் என்ற ஜெர்மானியரின் கை இருக்கிறது. மாக்மில் 100, 200 என்ற எண்கள், நிமிடத்துக்குத் தோராயமாக எத்தனை கிராம் கோதுமை அரைக்கும் என்பதைச் சொல்கின்றன. நால்வர் குடும்பத்துக்கு இரவுக்குப் பன்னிரண்டு சப்பாத்தி என்றால் 350, 400 கிராம் மாவு. நூறு எண் மில்லில் நாலு நிமிட வேலை. சப்பாத்திக்கு வெங்காயம் தக்காளி நறுக்கும் நேரத்தில் முடிந்துவிடும். இருநூறுக்குக் கூடுதல் பணம் கொடுக்க உங்களுக்குக் காரணம் இல்லை.

கை மில்லைப் பற்றிச் சுருக்கமாக. வாஷிங்டன் மாநிலத்தில் செய்யும் கன்ட்ரி லிவிங் மில் மிக உறுதியானது, பெரிய சக்கரம் வைத்தது. பஞ்சகாலத்துக்கு என்று கோதுமையை வருடக்கணக்கில் சேமித்து வைக்கும் குடும்பங்கள் இந்த நாட்டில் நிறைய உண்டு, முக்கியமாக யூட்டா பக்கத்து மார்மன் மதப்பிரிவுக் குடும்பங்கள். மின்சாரம் போனாலும் ரொட்டி வேண்டும் என்பதால் அவர்கள் இதை விரும்புகிறார்கள். தினசரி சப்பாத்திக்கு இதை நம்பினால் ஒரு மாதத்தில் தோள்பட்டை விட்டுப்போகும். கொரோனா என்ற பெயரில் மலிவாகக் கிடைக்கும் கை மில் மக்காச்சோளம் உடைக்கச் செய்தது, அதில் சப்பாத்தி மாவு எதிர்பார்க்காதீர்கள்.

ஆகவே கல் மில் வாங்குங்கள். வாங்கியபின் ஒரே ஒரு விதி: ஈரம் கூடாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஊரில் செய்வது போலக் கோதுமையைக் கழுவி, துணியில் விரித்து, ஒரு மத்தியானம் வெயிலில் காயவைத்து எடுத்தேன். தொட்டுப் பார்த்தால் சுக்காகக் காய்ந்திருந்தது. மில்லில் போட்டு இரண்டு நிமிடத்தில் சத்தம் மாறியது, கரகரவென்று ஓடியது ஊமைச் சத்தமாக ஆனது, மாவு வருவது நின்றது. திறந்து பார்த்தால் கல்லின் முகம் முழுக்கப் பளபளவென்று பழுப்பு மெழுகு பூசியது போல ஒரு படலம். வெளியே காய்ந்த கோதுமைக்கு உள்ளே ஈரம் இருந்திருக்கிறது. மில்லைக் கொரகொரப்பில் வைத்து, காய்ந்த வெள்ளை அரிசியை இரண்டு கப் ஓட்டியபின்தான் கல் மறுபடி கல்லானது. அந்த அரிசி மாவைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

இங்கே பையில் வரும் கோதுமை சுத்தம் செய்தே வருகிறது, கழுவத் தேவையில்லை. கழுவித்தான் ஆக வேண்டும் என்று மனம் கேட்டால், இரண்டு மூன்று நாள் விரித்துக் காயவையுங்கள். கொலராடோக் காற்றில் ஈரமே கிடையாது, அந்த வகையில் நமக்கு அதிர்ஷ்டம். காய்ந்ததா என்று பார்க்க ஒரு மணியைக் கரண்டியால் நசுக்குங்கள். பட்டென்று உடைந்தால் அரைக்கலாம், அமுங்கி நசுங்கினால் இன்னும் ஒரு நாள். முளைகட்டிய ராகிக்கும் இதே சோதனைதான்.

அதிரசத்துக்கும் இடியாப்பத்துக்கும் ஊறவைத்து வடித்த ஈர அரிசியை இதில் போடவே கூடாது. அது மிக்ஸி வேலை. 110 வோல்ட் மிக்ஸி ஏற்கெனவே உங்களிடம் இருக்கும், அதுவே போதும். வேர்க்கடலை, முந்திரி, எள், பாதாம் மாதிரி எண்ணெய் உள்ளவையும் கல்லை அடைக்கும். சத்துமாவு அரைக்கும்போது தானியங்களையும் பருப்பு வகைகளையும் வறுத்து, நன்றாக ஆறவைத்து மில்லில் அரையுங்கள். முந்திரி, பாதாமைத் தனியே மிக்ஸியில் பொடித்துக் கடைசியில் கலந்துகொள்ளுங்கள். மிளகாய், மல்லியும் மிக்ஸிக்கே. மில்லில் போட்டால் அடுத்த மாதம்வரை சப்பாத்தியில் மிளகாய் வாசம் இருக்கும். மஞ்சள் கிழங்கை எந்த வீட்டு மில்லிலும் போடாதீர்கள், கல்லைவிடப் பிடிவாதமானது அது.

எந்தக் கோதுமை என்பதில்தான் புதிதாக வருபவர்கள் ஏமாறுகிறார்கள். கடையில் ஹார்ட் ரெட் என்று எழுதியதை வாங்கிவிட்டு, சப்பாத்தி கறுத்து, லேசாகக் கசக்கிறதே என்று மில்லைக் குறைசொல்வார்கள். சப்பாத்திக்கு வேண்டியது ஹார்ட் ஒயிட். தோல் வெளுப்பு, ருசி மென்மை, இழுத்தால் வரும் வலுவும் உண்டு. சாஃப்ட் ஒயிட் என்பது கேக், பிஸ்கட் வேலைக்கு. இந்த மாநிலத்திலேயே நல்ல வெள்ளைக் கோதுமை விளைகிறது. கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஸ்னோமாஸ் அப்படிப்பட்ட ரகம்.

முதல் நாள் சப்பாத்தி ஊர் மாதிரி வராது, மனம் தளராதீர்கள். ஊர் ஆட்டாச் சக்கியில் கல் இறுக்கமாக அழுத்திச் சூடாக அரைப்பதால் மாவிலுள்ள ஸ்டார்ச் அதிகம் உடைகிறது. உடைந்த ஸ்டார்ச் தண்ணீரை நிறையக் குடிக்கும், சப்பாத்தி மெத்தென்று வரும். வீட்டுக் கல் மில் அவ்வளவு உடைப்பதில்லை. அதனால் மிக நைஸாக வைத்து அரைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் சற்றுத் தளரவே பிசைந்து, மூடி அரை மணி நேரமாவது விட்டுவிடுங்கள். தவிட்டுத் துணுக்குகள் ஊறியபின் அதே மாவு கையில் வேறு மாவாக இருக்கும். கண்ணால் பார்த்தே வித்தியாசம் தெரியும்: பிசைந்தவுடன் சொரசொரப்பாக, ஓரம் வெடித்து நிற்கும் உருண்டை, அரை மணிக்குப் பின் வழவழப்பாகி, விரலால் அழுத்தினால் மெல்ல மேலெழும்பும்.

நீங்கள் சொன்ன பழைய வாடைக்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். முழுத் தானியத்தின் முளைப் பகுதியில் எண்ணெய் இருக்கிறது. அரைத்ததும் அது காற்றில் பட்டுக் கெட ஆரம்பிக்கும். முழுக் கோதுமை வருடக்கணக்கில் நிற்கும், அதன் மாவு சில வாரங்களில் மணம் மாறும். கம்பு மாவு இன்னும் மோசம், சீக்கிரமே கசந்துவிடும். தேவைக்கு அரையுங்கள், மீந்ததை ஃப்ரீசரில் வையுங்கள். புதிதாக வாங்கிய தானியத்தையும் நாலைந்து நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் வண்டு முட்டை இருந்தாலும் செத்துவிடும். ஒன்று மட்டும் கவனம்: ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்தபின் திறந்தால்தான் தானியத்தின் மேல் நீர் கோக்காது.

இனி கேனர். அடுத்த வருடம் வாங்கும்போது இரண்டு பெயர்களே முன்னால் நிற்கும், இரண்டும் விஸ்கான்சின் மாநிலத்து நிறுவனங்கள். ஒன்று பிரெஸ்டோ. நம் குக்கர் மாதிரியே மூடியில் ரப்பர் கேஸ்கட் இருக்கும். கொஞ்ச வருடத்துக்கு ஒருமுறை கேஸ்கட் மாற்ற வேண்டும். மற்றது ஆல் அமெரிக்கன். வார்ப்பு அலுமினியம், கேஸ்கட்டே கிடையாது, உலோகமும் உலோகமும் பொருந்தி, சுற்றிலும் திருகுகளை எதிரெதிராக இறுக்கி மூட வேண்டும். பாட்டி காலத்துப் பாத்திரத்தைப் பேத்தி புழங்கும் அளவுக்கு உழைக்கும். விலை பிரெஸ்டோவைவிடப் பல மடங்கு, கனமும் கூடுதல்.

உங்களுக்கு முடிவு செய்வது அடுப்பு. கண்ணாடி அடுப்பில் ஆல் அமெரிக்கனை வைக்க வேண்டாம். அடுப்பு வீட்டுக்காரருடையது, உடைந்தால் முன்பணம் போகும். பிரெஸ்டோ தன் சாதாரண அலுமினியக் கேனர்களைக் கண்ணாடி மேல்தளத்தில் வைக்கலாம் என்கிறது, ஆனாலும் உங்கள் அடுப்பின் கையேட்டில் எவ்வளவு கனம், எவ்வளவு அகலம்வரை தாங்கும் என்று ஒருமுறை பாருங்கள். இண்டக்ஷன் அடுப்பாக இருந்தால் சாதாரண அலுமினியம் சூடேறவே ஏறாது, அதற்கென்று உள்ள மாதிரியைத்தான் வாங்க வேண்டும். அளவில் 16 குவார்ட், 23 குவார்ட் என இரண்டு உண்டு. இரண்டிலும் குவார்ட் ஜாடி ஏழுதான் பிடிக்கும். ஆனால் 23-இல் பைண்ட் ஜாடிகளை இரண்டு அடுக்காக வைத்து இருபது அடைக்கலாம். நால்வருக்குப் பைண்ட் ஜாடிதான் ஒரு வேளைக்குச் சரியான அளவு, ஆகவே 23.

இப்போது நீங்கள் இருக்கும் ஊரின் உயரம். கொலராடோ ஸ்பிரிங்ஸ் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 6,035 அடி. தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. வந்த புதிதில் பருப்பு வேகவில்லை என்று நீங்கள் திணறியிருப்பீர்கள், அதற்கு இதுதான் காரணம். அதே காரணத்தால் கேனரில் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். முள் காட்டும் டயல் கேஜ் என்றால் கடலோரத்தில் 11 பவுண்டு, 4,001 முதல் 6,000 அடிவரை 13, அதற்குமேல் 8,000 வரை 14. உங்கள் ஊர் அந்த 6,000 அடிக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஒரு தெரு கோட்டுக்குக் கீழே, அடுத்த மேடு மேலே. உங்கள் வீட்டின் உயரத்தைப் போனில் பார்த்துக்கொள்ளுங்கள், சந்தேகம் வந்தால் 14-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.

வெயிட் வைத்து ஓட்டினால் இந்தக் கணக்கே வேண்டாம். ஆயிரம் அடிக்கு மேல் எங்கே இருந்தாலும் 15 பவுண்டு வெயிட், அவ்வளவுதான். பிரெஸ்டோவுக்கு 5, 10, 15 என்று மூன்று துண்டாகக் கழற்றி மாட்டும் வெயிட் தனியே விற்கிறார்கள், விலை அதிகமில்லை, வாங்கிவிடுங்கள். முள்ளையே பார்த்து அடுப்பைத் திருகிக்கொண்டு நிற்பதைவிட, வெயிட் மெல்ல ஆடும் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாம். டயல் கேஜை நம்புவதானால் வருடத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் எக்ஸ்டென்ஷன் அலுவலகங்கள் (பொதுமக்களுக்கு ஆலோசனை சொல்லும் கிளைகள்) அந்த வேலையைச் செய்கின்றன, போகும்முன் போன் செய்து கேளுங்கள்.

ஓட்டும் முறை இப்படி. அடியில் தட்டு வைத்து, இரண்டு மூன்று அங்குலம் சூடான தண்ணீர் ஊற்றி, ஜாடிகளை இறக்கி மூடுங்கள். வெயிட் போடாமல் ஆவியைப் பத்து நிமிடம் முழு வேகத்தில் வெளியே விடுங்கள். உள்ளே காற்று மாட்டிக்கொண்டால் முள் சரியான அழுத்தம் காட்டும், ஆனால் சூடு குறைவாக இருக்கும். அப்புறம் வெயிட்டை வையுங்கள். ஆடத் தொடங்கிய பிறகே நிமிடத்தை எண்ண ஆரம்பிக்க வேண்டும். நடுவில் அழுத்தம் இறங்கிவிட்டால் மறுபடி மேலே கொண்டுவந்து முதல் நிமிடத்திலிருந்து எண்ணுங்கள்.

பச்சை பீன்ஸ் பைண்டுக்கு 20 நிமிடம், குவார்ட்டுக்கு 25. வெண்டைக்காய் 25, 40. கோழியோ ஆட்டிறைச்சியோ எலும்பில்லாத துண்டுகளாக என்றால் 75, 90. கொண்டைக்கடலை, காராமணி, ராஜ்மா எல்லாம் ஒரு இரவு முழுக்க ஊறவைத்து, புதுத் தண்ணீரில் அரை மணி கொதிக்கவிட்டு நிரப்பினால் அதே 75, 90. எனக்குக் கேனர் வைத்திருப்பதில் நிஜமான பலன் கொண்டைக்கடலைதான். அலுவலகம் விட்டு வந்து ஊறப்போடாமல் சுண்டலும் சன்னாவும் செய்ய முடிகிறது. உப்பின் அளவு நம் கையில். ஜாடியின் மேலே கோழிக்கு ஒன்றேகால் அங்குலமும், மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு அங்குலமும் இடம் விட வேண்டும்.

சாம்பாரை அடைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். கூடாது. குழைந்த பருப்பும் மசித்த பூசணியும் கெட்டியாக இருப்பதால் சூடு நடுப்பகுதிக்குச் சரியாகப் போவதில்லை, அவற்றுக்குச் சோதித்த நேரமே கிடையாது. துண்டுபோட்ட பூசணிக்கு மட்டும் உண்டு. தேங்காய்ப் பால், தயிர், நெய், சாதம் சேர்ந்தவையும் வேண்டாம். புளி சேர்த்திருக்கிறேனே என்பது கணக்கில் வராது, ஒவ்வொரு புளியும் ஒவ்வொரு புளிப்பு. குழம்பையும் தொக்கையும் ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளுங்கள்.

தக்காளிக்குக் கேனர் தேவையில்லை, ஆழமான பாத்திரத்தில் கொதிநீரே போதும். ஆனால் தக்காளியின் புளிப்பு எல்லைக்கோட்டில் நிற்கும் சமாசாரம். அதனால் பைண்ட் ஒன்றுக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு கட்டாயம் விட வேண்டும். அதுவும் பாட்டிலில் விற்பதைத்தான் விட வேண்டும், பழத்தைப் பிழிந்தது அல்ல, ஏனென்றால் பாட்டிலில்தான் புளிப்பு ஒரே அளவாக இருக்கும். நசுக்கிய தக்காளி பைண்ட் ஜாடியில் கடலோரத்தில் 35 நிமிடம் என்றால், 6,000 அடிக்கு மேல் 50.

ஜாடி மூடியில் நடுத்தட்டு ஒருமுறைக்கே, வளையத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். வளையத்தை விரல் நுனியால் இறுகும் அளவு திருகினால் போதும், உள்ளே உள்ள காற்று வெளியேற வழி வேண்டும். எடுத்து மரப்பலகைமேல் துணி விரித்து வைத்தால், ஆற ஆற ஒவ்வொரு மூடியாக ‘டிக்’ என்று உள்வாங்கும். மறுநாள் வளையத்தைக் கழற்றி, துடைத்து, தேதி எழுதி அடுக்குங்கள். சாப்பிடும் அன்று, புளிப்பில்லாத எதையும் ருசி பார்க்கும் முன் கொதிக்கவைத்து விடுங்கள். வழக்கமாகச் சொல்வது பத்து நிமிடம், உயரத்துக்குக் கூட்டினால் உங்கள் ஊரில் 16. மூடி தளர்ந்திருந்தாலோ உப்பியிருந்தாலோ கொதிக்கவைத்துப் பார்க்கலாம் என்று நினைக்காமல் தூக்கி எறியுங்கள்.

கேனர் வந்ததும் முதல்நாளே பீன்ஸோடு தொடங்க வேண்டாம். வெறும் தண்ணீர் ஊற்றிய ஜாடிகளை வைத்து ஒருமுறை முழுசாக ஓட்டுங்கள். உங்கள் அடுப்பில் எந்த எண்ணில் வைத்தால் வெயிட் சீராக ஆடுகிறது என்று அன்று தெரிந்துவிடும், அந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி மூடிமேல் ஒட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் மாமியார் வெறுங்கையோடு வர மாட்டார் அல்லவா? மில்லுக்குப் பதில் ஒரு நல்ல மூங்கில் முறமும், மாவுச் சல்லடை, ரவைச் சல்லடை இரண்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். இந்திய மளிகைக் கடையில் வாங்கும் ராகியிலும் கம்பிலும் சின்னக் கல் இருக்கும், புடைக்காமல் கல் மில்லில் போடக்கூடாது. கோதுமை ரவை அரைத்தால் கூடவே வரும் மாவைப் பிரிக்க அந்தச் சல்லடை வேண்டும். இங்கே தேடித் தேடிப் பார்த்தும் நம் முறம் மாதிரி ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை.